காப்பு

கெய்லி அந்தத் தாளை
என் பக்கம் திருப்பி வைத்தாள்.
பாரமட்டாவில் நாலாம் மாடி. கைப்பிடி இல்லாத
அகன்ற கதிரைகள்.
யாரோ யோசித்து வாங்கியிருக்கிறார்கள்.
எனக்கு அழுகை வந்தது அதற்காக,
விலைக்காக அல்ல.

வெட்டுகிறவருக்கு ஒரு தொகை.
பக்கத்தில் நின்று பிடிக்கிறவருக்கு ஒன்று.
கட்டிலுக்கு, இரண்டு இரவு.
மயக்கம் தருகிறவரின் பில் தனியே வரும், தபாலில்.
காப்புறுதி இருக்கிறதா என்றாள்.
இருக்கிறது. பல்லுக்குக் காசு தரும்,
கண்ணாடிக்குத் தரும்,
வயிற்றைத் தொடாது.
மேல்வகைக்கு மாறினால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.
என் சர்க்கரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கூட்டுத்தொகை:
இருபத்தோராயிரத்து அறுநூறு டொலர்.
விளங்குகிறதா என்று மெதுவாகக் கேட்டாள்,
ஆங்கிலம் தெரியாதவளிடம் கேட்பதுபோல.
விளங்கியது.
ஈஸ்டர்ன் கிரீக் கிடங்கில் எனக்கு மணிக்கு முப்பது.
எழுநூற்றிருபது மணித்தியாலம்
நின்றபடி பெட்டி ஒட்ட வேண்டும்,
வரி கழிக்காமல் பார்த்தால்.

"நடந்தால் காசில்லைத்தானே" என்றாள் மச்சாள் வற்சலா.
நடந்தேன். ஆறு வருடம் நடந்தேன்.
முழங்கால் ஊசி என்ன விலை என்று
அவளுக்குத் தெரியாது.

காப்பை அடகு வைக்கலாம் என்றார் நகுலேஸ்.
கலியாணக் காப்பு, சோடி.
வென்ட்வேர்த்வில் நகைக்கடைக்காரர்
சவர்க்காரம் பூசினார், ஐஸ் வைத்தார்,
நூல் சுற்றி இழுத்தார்.
என் சதை விடவில்லை.
"வெட்டித்தான் எடுக்கோணும், அக்கா."
இரண்டு வெட்டு வேண்டாம், ஒன்று போதும் என்றேன்.
கையில் காப்பு உறுதி;
காப்புறுதிதான் கைவிட்டது.

கடைசியில் ஓய்வுகால நிதியை உடைத்தேன்.
இரண்டு டாக்டர் கையெழுத்து, பதினாறு பக்கம்.
அறுபத்தேழு வயதுக்கென்று
கம்பனி ஒதுக்கிய காசு.
அறுபத்தேழுக்குப் போய்ச் சேர
அதுதான் வழிச்செலவு.
அதற்கும் வரி பிடித்தார்கள்.

பிறகு,
ஒரு வாழைப்பழம் அளவு வயிறு.
அரை இடியப்பம், நாற்பது நிமிடம்.
தண்ணீரைக்கூட
கடன்காரனைப்போலத் தவணையில்தான் உள்ளே விடவேண்டும்.
நூற்றுப் பதினெட்டு கிலோ
எண்பத்து மூன்றானது.
சர்க்கரைக் குளிசை நின்றது, அதைச் சொல்ல வேண்டும்.
மூச்சு வாங்காமல் ரயில்நிலையப் படி ஏறி
மேலே நின்று
யாருமில்லாத பிளாட்போமைப் பார்த்துச் சிரித்தேன்,
அதையும் சொல்ல வேண்டும்.

தாளில் இல்லாதவை:
மாதம் அறுபத்திரண்டு டொலருக்கு விற்றமின், சாகும்வரை.
குளியலறை வடிகாலில் முடி.
வயிற்றில் மடிந்து தொங்கும் தோல், அதற்கு வேறொரு தாள், வேறொரு கெய்லி.
தூங்காபி மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து,
"ஏன், சாப்பாடு பிடிக்கேல்லையோ?"
குடல்புண் என்கிறேன். போன கிழமை
வேறொருவருக்கு விரதம் என்றேன்.
எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்று
ஆரணி என் போனில் குறித்து வைத்திருக்கிறாள்.
நான் மிச்சம் விடுவதை நகுலேஸ் சாப்பிடுகிறார்.
அவருடைய பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை.

நேற்றிரவு சட்டி கழுவும்போது
இடக்கைக் காப்பு
தானாகவே கழன்று
நுரைக்குள் விழுந்தது.
இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு
ஒரு சத்தம், டங்.
மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு தடம்,
வெயில் காணாத தோல்.
தொட்டால் கூசியது.

நகுலேஸ் மேசையிலிருந்து தலை தூக்கினார்.
மயக்க மருந்துக்காரரின் இரண்டாவது பில்லை
அப்போதுதான் பிரித்திருந்தார்.
"பவுண் இப்ப என்ன விலை போகுது, தெரியுமோ?"

சிரித்தோம்.
அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.
நான்தான் முதலில் நிறுத்தினேன்.
இப்போதெல்லாம் எனக்கு
காற்றுக்கும் இடம் குறைவு.